முகத்தை இறக்குங்கோ

என்னுடைய கையெழுத்து நல்லதல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையொப்பம் வைப்பதைத் தவிர வேறெதற்கும் பேனா பிடித்தது குறைவு. சின்ன ர-வும் பெரிய ற-வும் எனக்கு இன்றைக்கும் இடம் மாறிப்போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா இறந்து முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவரின் படத்தைப் போட்டு, அவரைப் பற்றி நாலு பேர் எழுதி, அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. அக்காவின் மகன் என்னிடமும் கேட்டான். “அம்மா உங்களைத்தானே வாய்க்கு வாய் தம்பி எண்டு கூப்பிடுறவா. நீங்களும் நாலு வரி தாங்கோவன்.” ஓம் என்று தலையாட்டினேன். எழுதிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். ஏழைகளின் தாய் என்று ஒருவர், எங்கள் ஊரின் விளக்கு என்று ஒருவர். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசிப் பக்கம்வரை வாசிக்க முடியவில்லை. புத்தகத்தை மடித்துக் கூரைத் தடியில் செருகிவிட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. அக்கராயன் பக்கத்தில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர் எங்களுடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். கிராமச் சங்கத்தின் தலைவி. சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து அவரேதான் தலைவி. வேறொருவர் அந்தக் கதிரையைக் கேட்டதும் இல்லை. மானியம், உதவித்திட்டம், வாழ்வாதாரம் என்று எந்தப் பெயரில் எது வந்தாலும் அக்காவின் வழியாகத்தான் ஊருக்குள் வரும். உரம், விதைநெல், ஆடு, கோழிக்கூடு, தையல் மெஷின், கக்கூசு கட்டச் சீமெந்து, எல்லாம்.

அவருக்கு ஒரு காது இருந்தது. குளக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டால், இது உழவு மெஷின், இது மணல் ஏற்றுகிற ரிப்பர், இது கந்தோர் வாகனம் என்று அங்கே வைத்தே சொல்லிவிடுவார். மானியம் கொடுக்கிற அலுவலகத்து வாகனம்தான் கந்தோர் வாகனம். அது வந்தால் கையைத் தட்டுவார். “பிள்ளையள், முகத்தை இறக்குங்கோ!”

முகத்தை இறக்குவது என்றால் அழுவதல்ல. அழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுவார். “அழுதா அவங்களுக்குப் பயம் வந்திடும், கெதியா வெளிக்கிட்டிடுவாங்கள்.” வாயைக் கொஞ்சம் திறந்தபடி விட்டு, கண்ணை வந்தவரின் சப்பாத்தில் வைத்து, கேட்ட கேள்விக்கு ஒரு மூச்சு விட்ட பிறகு பதில் சொல்ல வேண்டும். “தெரியாது ஐயா” என்பதுதான் நல்ல பதில். எவ்வளவு விளைந்தது என்று கேட்டால் தெரியாது. மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் தெரியாது. எங்கள் ஊரில் நல்ல கெட்டிக்காரிகள் இருந்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்று தெரியாது என்றார்கள்.

அதற்கு முன்னரே வீடுகள் தயாராகியிருக்கும். மோட்டார் சைக்கிள் அடுத்த ஒழுங்கைக்குப் போகும். டீவி கட்டிலுக்கடியில் பழைய சேலைக்குள் போகும். தோடு கழற்றப்படும். அக்காவிடம் சாயம்போன ஒரு நீலச் சேலை இருந்தது. நாங்கள் அதைக் கந்தோர்ச் சேலை என்போம். தோய்ப்பார், ஆனால் மினுக்கமாட்டார், இஸ்திரிப்பெட்டி அதில் படாது. ஊத்தையாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், மினுக்கிக்கொண்டு போனால் ஒன்றும் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருப்பதில்லை. ஆறேழு மாதம் கழித்து இன்னொருவர் வருவார், கொடுத்தது பலன் தந்ததா என்று பார்க்க. அப்போது எல்லாம் தலைகீழாக வேண்டும். வறுமையாக நின்ற அதே வீடு முன்னேறி நிற்க வேண்டும். அதற்கும் அக்காவிடம் ஏற்பாடு இருந்தது. பூப்போட்ட யன்னல் சீலை ஒரு சோடி, ஒரு சுவர் மணிக்கூடு, பிளாஸ்ரிக் பூச்சாடி ஒன்று. சங்கத்துச் சாமான்கள். பார்வையிட வருகிற நாளில் எந்த வீட்டுக்கு வருகிறார்களோ அந்த வீட்டில் அவை தொங்கும். ஒரே பூச்சாடி எங்கள் ஊரின் எத்தனை வீட்டுப் படங்களில் இருக்கிறது என்று எந்தக் கந்தோரிலும் ஒருவரும் கேட்டதில்லை.

உர மானியத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விதைத்த நிலத்துக்குத்தான் உரம். எங்கள் ஊரில் ஒருவர் தன்னுடைய வயலில் றோட்டுக் கரையோடு நாடாபோல ஒடுங்கின ஒரு பட்டி மட்டும் உழுது விதைத்தார். பின்னால் முழுக்கப் பற்றை. விதைப்பைப் பார்க்க வந்த அலுவலர் வாகனத்தை விட்டு இறங்கி வரம்பில் நின்றார். மழை பெய்து வரம்பு வழுக்கிக் கிடந்தது.

“பின்னுக்கும் விதைச்சிருக்கோ?” என்று கேட்டார்.

“பின்னுக்குத்தான் ஐயா நல்ல பயிர்,” என்றார் அக்கா. “வாங்கோ காட்டுறன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, முழங்கால் மட்டும் சேறு. அட்டையும் கிடக்கு.”

அலுவலர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு பச்சையாகத் தெரிந்த முன்பட்டியைப் பார்த்தார். “சரி, தெரியுதுதானே,” என்று வாகனத்தில் ஏறினார்.

அந்த மனிதருக்கு முழு வயலுக்கும் உரம் வந்தது. மூட்டையைப் பிரிக்காமலே கடைக்காரனுக்கு விற்றார். நெல் விதைத்து, பன்றிக்குக் காவல் இருந்து, வெட்டிக் காயப்போட்டுக் கிடைப்பதைவிட அது லேசாக இருந்தது. அடுத்த போகம் இன்னும் இரண்டு பேர் றோட்டுக்கரைப் பட்டி விதைத்தார்கள். றோட்டால் போகிறவர்களுக்கு எங்கள் வயல்வெளி பச்சைப் பசேலென்று தெரியும். உள்ளே இறங்கினால் நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும். விதைத்தவர்களும் ஒழுங்காக இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று யூரியாவை அள்ளி எறிந்தார்கள். பயிர் கொழுத்து, பூக்கிற நேரத்தில் பாயாகச் சாய்ந்தது. பிறகு இரசாயன உரமே இல்லை என்று அரசாங்கம் நிறுத்திய காலம் வந்தது. அந்தக் காலபோகம், மாரி மழைக்கு விதைக்கிற போகம், எங்கள் வயல் மஞ்சள் நோய் வந்தவனின் கண்போலக் கிடந்தது. மாட்டெருவை எப்போது போட வேண்டும் என்பதையே மறந்துபோயிருந்தோம். இருந்த மாட்டையும் விற்றுவிட்டோம்.

இப்படி எழுதிவிட்டு மானியம் கூடாது என்று நான் சொன்னால் என் வாய் அழுகிப்போகும். தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த நாங்கள் முதல் போகம் விதைத்தது கொடுத்த விதைநெல்லில், கொடுத்த உரத்தில். அது இல்லையென்றால் விதைத்திருக்க முடியாது. என் வீட்டுக்கு நேரெதிரே ஒரு பெண்பிள்ளை, புருஷன் இல்லாதவள், அக்கா எடுத்துக் கொடுத்த தையல் மெஷினால் தன் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அந்த மெஷினின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அக்கா தனக்கென்று ஒன்றும் எடுத்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். கள்ளி என்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். கடைசிவரை தகரக்கூரை வீட்டில்தான் இருந்தார். ஊருக்கு ஒன்று கிடைத்தால் தனக்குக் கிடைத்ததுபோல வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரிப்பார்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவியின் தமையன். சண்டையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் செய்த பொய்க்கால் போட்டிருந்தார். காலையில் தேத்தண்ணிக்கு முன்னர் கால் போட்டுவிடுவார், படுக்கும்போதுதான் கழற்றுவார். வயலுக்கு இறங்கும்போது யூரியாப் பைக்குள் இருக்கிற பொலித்தீனை அதற்கு மேலே உறைபோல இழுத்துக் கட்டிக்கொள்வார். இரண்டு காலுள்ள நான் வரம்பு கட்டி முடிக்க முதல் அவர் கட்டி முடித்துவிட்டு, “என்ன மச்சான், உமக்கும் ஒரு கால் குறையுதோ?” என்று கேட்பார். கால் இல்லாமல் அவரை வெளியார் யாரும் கண்டதில்லை. என் மனைவி கூடப்பிறந்தவள். அவள்கூட ஒன்றிரண்டு தரம்தான் கண்டிருப்பாள்.

ஆட்டு மானியம் வந்தபோது அக்கா அவருடைய வேலிப் படலைக்கு வந்தார். நானும் அங்கே நின்றேன்.

“தம்பி, நாளைக்குத் தெரிவுக்கு வாறாங்கள். காலைக் கழட்டி உள்ளுக்கு வைச்சிடும்.”

மச்சான் சிரித்தார். “ஏன் அக்கா, ஆட்டுக்குக் கால் பிடிக்காதோ?”

“பகிடி விடாதையும். காலோட நிண்டா ஆரும் உம்மை ஒரு குறையான ஆளெண்டு சொல்லமாட்டினம். உமக்குக் குடுக்கமாட்டாங்கள், வேற ஊருக்குப் போயிடும். ஒரு கொஞ்ச நேரம்தானே. கதிரையில இரும். முகத்தை இறக்கும்.”

மறுநாள் வாகனச் சத்தம் கேட்டதும் மச்சான் உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மழித்துவிட்டது போல வெளிறிப்போயிருந்த அந்தக் கட்டைக் காலை அன்றைக்குத்தான் நான் கண்டேன். வேலியைப் பார்த்தபடி நின்றேன். படம் எடுத்தார்கள். ஆடுகள் வந்தன. வாகனம் போனதும் அவர் உள்ளே போய்க் காலைப் போட்டுக்கொண்டு நேரே வயலுக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை.

ஆடுகளில் பாதி குளிருக்குச் செத்தன. மிச்சத்தை விற்று உழவுக்குக் கொடுத்தார். ஆடு வளர்க்க அவருக்கு மனமில்லை. அவர் கேட்டது ஆடும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கிணறு. குளத்துத் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி ஒன்று அவரிடம் இருந்தது. நல்ல மண். மாரி போனால் அது சும்மா காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒரு கிணறு மட்டும் இருந்தால் மிளகாயும் கச்சான் கடலையும் போட்டு நிமிர்ந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். தன் செலவில் கிணறு வெட்ட வழியில்லை.

விவசாயக் கிணற்றுக்கு மானியம் வந்தது. எங்கள் ஊருக்கு ஒன்றே ஒன்று. உழைக்க இயலாதவரின் குடும்பத்துக்கு முன்னுரிமை என்றார்கள். வயலில் உழைக்கிறவனுக்குத்தானே கிணறு வேண்டும், உழைக்க இயலாதவன் கிணற்றை வைத்து என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் வராது.

அது எண்ணெய் இல்லாத காலம். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அதனால் நடந்தது என்னவென்றால், கிணற்றுக்குத் தெரிவு செய்ய வந்தவரும், முன்பு கொடுத்த ஆடு பலன் தந்ததா என்று பார்க்க வந்தவரும் ஒரே வாகனத்தில் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். ஒருவர் முன் மச்சான் கால் இல்லாமல் இருக்க வேண்டும். மற்றவர் முன் கால் போட்டுக்கொண்டு ஆடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும்.

அக்கா ஒரு கணம் திகைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். வாயிலிருந்த வெற்றிலை அசையவில்லை. பிறகு துப்பினார். “கிணறு முன்னுக்கு, ஆடு பின்னுக்கு,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டை அவிட்டுக்கொண்டு வா. ஓடு!”

கிணற்றுக்கு வந்தவர் ஓர் இளம் பெண். புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருந்தார். அவரை வாசலில் கதிரை போட்டு இருத்தினார்கள். மச்சான் கட்டைக் காலோடு அவர் முன்னால் இருந்தார். ஆட்டுக்கு வந்தவர் தலை நரைத்தவர். அவரை அக்கா பின்னால் சமைக்கிற குசினிப் பக்கமாகக் கூட்டிப்போய் பிளேன்ரீ கொடுத்தார். பெண் கேள்விகளை முடித்ததும் மச்சான் தடியோடு உள்ளே போனார். காலைப் போட்டுக்கொண்டு பின்வாசலால் வெளியே வந்து, நான் கட்டிவைத்த ஆடுகளுக்கு நடுவில் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. சங்கத்துப் பூச்சாடி ஆட்டுக்கொட்டில் வாசலில் நின்றது. அதை யார் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியாது.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் கிணறு வெட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேட்டுக்காணி பின்பக்கம்தானே.

மச்சான் இரண்டு காலில் நின்றார். கையில் ஒரு குட்டி. அந்த நேரம் பார்த்து, கட்டு அவிழ்ந்த கிடாய் ஒன்று வேலி ஓட்டைப் பொட்டால் புகுந்து தன் சொந்த வீட்டுக்கு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அங்கால் நின்று, “வந்திட்டியே ராசா!” என்றாள்.

அந்தப் பெண் மச்சானின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், முடிந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். யாராவது சத்தம் போட்டு, இதென்ன கூத்து என்று ஏசி, வாகனத்தில் ஏறிப் போய்விட்டால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நரைத்தவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். “தங்கச்சி,” என்றார் ஆறுதலாக, “உமக்கு இருந்தபடி ஒரு படம். எனக்கு நிண்டபடி ஒரு படம். உம்மட பேப்பர்க் கோவை உம்மட கந்தோரில, என்ர கோவை என்ர கந்தோரில. ரெண்டையும் பக்கத்தில வைச்சு ஆர் பாக்கப் போகினம்?”

“இல்லை சேர், இது...”

“வருசம் முடிய முதல் ஆளைக் காட்டாட்டிக் காசு திரும்பிப் போயிடும். பேந்து இந்த ஊருக்குக் கிணறும் இல்லை, உமக்கு ஏச்சும் விழும். இந்த மனுசனுக்குக் கால் இல்லாதது பொய்யோ? இல்லைத்தானே.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. நல்ல வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பட்டது. பிறகு தன் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “முன்னுக்கு எடுத்தது இருட்டா விழுந்திட்டுது,” என்று மெல்லமாகச் சொன்னார். “ஐயா, இன்னொருக்கா... அப்பிடி இருந்து தாறீங்களோ?”

மச்சான் குட்டியை என்னிடம் தந்தார். உள்ளே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஆட்டுப் புழுக்கை கிடந்த அந்த நிலத்திலேயே குந்தியிருந்து, எல்லோருக்கும் முன்னால் சாரத்தைத் தூக்கி, வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி, கொட்டில் தடியில் சாத்தி வைத்தார். பொய்க்காலுக்குப் போட்டிருந்த செருப்பு அதிலேயே இருந்தது.

“முகத்தை இறக்கும் தம்பி,” என்றார் அக்கா, பழக்கதோஷத்தில்.

“அது இறங்கித்தான் அக்கா கிடக்கு,” என்றார் மச்சான்.

படம் எடுத்தார்கள். பிறகு அவர் காலைப் போட்டுக்கொண்டார். நரைத்தவர் நின்றபடி எடுத்தார். குட்டியை வாங்கிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்சம் சிரிக்கவும் சொன்னார்.

வாகனம் போனதும் நான் இரவல் ஆடுகளை வேலிக்கு அங்கால் திருப்பி விட்டேன். கடைசிக் குட்டியையும் விட்டுவிட்டுத் திரும்பினால் அக்கா நின்றார். என் வாழ்க்கையில் அவரிடம் நான் எதிர்த்துச் சொன்னது அந்த ஒருதரம்தான். “இது சரியில்லை அக்கா.”

அவருக்குக் கோபம் வரவில்லை. “உனக்கு வெக்கம் கூடத் தம்பி. எனக்கும் இருந்தது. முகாமில பால்மாப்பெட்டி குடுக்கிற வரிசையில நான் தலை வாரி இழுத்து, பொட்டு வைச்சு நிண்டனான். கைக்குழந்தைக்குத்தான் கேட்டனான். குடுத்தவன் என்னை மேலுங்கீழும் பாத்திட்டு, உங்களுக்கு என்ன குறையெண்டு கேட்டுப்போட்டு அடுத்தவளுக்குக் குடுத்தான். அண்டைக்கு என்ர பிள்ளை கஞ்சித் தண்ணி குடிச்சது. அதுக்குப் பிறகு நான் கந்தோருக்குத் தலை இழுக்கிறதில்லை.” சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “எங்கட வீட்டையும் மாட்டையும் வயலையும் அழிச்சவங்கள் அதைத் திருப்பித் தரட்டும். இது பிச்சையே? எங்கட சாமான்.”

“எங்கட சாமானெண்டா ஏன் அக்கா நிமிந்து நிண்டு கேக்கேலாது?”

இதை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கிணறு வந்தது. கல்லுக்கட்டிய நல்ல கிணறு. தண்ணீர் இளநீர் போல. மச்சான் மிளகாய் போட்டார், கச்சான் போட்டார், மகளின் கலியாணத்தைக் கடன் இல்லாமல் முடித்தார். நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அக்கா அந்த வழியால் போகும்போதெல்லாம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆனால் மச்சான் என்னோடு காலைப் பற்றிப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். குளக்கட்டுப் பக்கம் வாகனச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை நிறுத்தி, தலையைச் சரித்துக் கேட்பார். அக்காவைப் போலவே.

அக்கா நெஞ்சு நோவென்று ஒரு பின்னேரம் சரிந்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதல் எல்லாம் முடிந்தது.

சாவீட்டில் மச்சான் காலையிலிருந்து நின்ற நிலையில் நின்றார். பந்தல் போட்டது அவர், வாழை கட்டியது அவர். “பெட்டி தூக்கேக்க முன்பக்கத் தோள் நான்தான். ஒருத்தரும் கேக்கப்படாது,” என்று எல்லோரிடமும் முதலே சொல்லிவிட்டார். “அவா எனக்குச் செய்ததுக்கு நான் வேற என்னத்தைச் செய்யிறது.” சுடலை கிட்டத்தில் இல்லை. மணல் பாதை. உம்மால் ஏலுமோ என்று யாரோ கேட்டதற்கு, “மூட்டை காவின தோளடா இது,” என்றார். அந்த ஒரு நாள் பழைய மச்சானைக் கண்டேன்.

ஐயர் கிரியையை முடித்துக்கொண்டிருந்தார். குளக்கட்டுத் திருப்பத்தில் வாகனச் சத்தம் கேட்டது.

பறை அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கேட்டது, எல்லோருக்கும். கந்தோர் வாகனம். மலர்வளையம் வைக்க வந்தார்கள், வேறொன்றுக்கும் இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுகிறவர் பெட்டிக்குள் கிடந்தார். ஆனால் படலையடியில் நின்ற மோட்டார் சைக்கிள்களை இரண்டு பேர் வீட்டுக்குப் பின்னால் உருட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் காதில் கைவைத்துத் தோட்டைக் கழற்றி இடுப்பில் செருகினாள். சாவீட்டில் முகம் இறங்கியிருப்பது வழக்கம்தான். ஆனால் இது அந்த இறக்கம் இல்லை. வாய் கொஞ்சம் திறந்து, கண் சப்பாத்தைத் தேடியது. என் கண்ணும் தேடியது.

மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில் இல்லை. பந்தலோரக் கதிரையில் இருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே. கட்டைக் கால். எப்போது கழற்றினார் என்று நான் காணவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமோ தெரியாது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ கை என்பதுபோல.

“மச்சான், கால் எங்கை?”

“குசினிக்குள்ள குடுத்துவிட்டிட்டன். கெதியா எடுத்துக்கொண்டு வாரும். தூக்கப் போறாங்கள்.”

நான் ஓடினேன். குசினிக்குள் பெண்கள் நிறைந்து நின்றார்கள். சாக்குக்கும் சுளகுக்கும் பின்னால் அதை நல்ல பத்திரமாக ஒளித்து வைத்திருந்தார்கள். தேடி எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது பெட்டி தோளில் ஏறிவிட்டது. முன்பக்கத்தில், றோட்டுக்கரைப் பட்டி விதைத்த அந்த மனிதர் தோள் கொடுத்திருந்தார். வெடி கொளுத்தினார்கள். பறை முன்னால் போக, பெட்டி படலையைத் தாண்டியது.

மலர்வளையம் கொண்டுவந்த அலுவலர் புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. கதிரையில் தனியே இருந்த மச்சானைக் கண்டு அவர் மனம் இரங்கியிருக்க வேண்டும். நல்ல மனிதர். கிட்டே வந்து குனிந்து, தோளில் கைவைத்தார். முன்பக்கத் தோள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அதே தோளில்.

“ஐயா கவலைப்படாதையுங்கோ. அடுத்த திட்டம் வரேக்க உங்கட பேரை முதல் போடுறன்.”

மச்சான் ஒரு மூச்சு விட்டார். கண் அவருடைய சப்பாத்தில் இருந்தது.

“நன்றி ஐயா,” என்றார்.

நான் காலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

நாளைக்கு அக்காவின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருஷம்.

பங்குனி இருபத்துமூன்று, திங்கட்கிழமை.